மூணு ஆள் வேலை

1943 ஜூன் 7, திங்கள்
விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி நான் பெயர் கூப்பிட்டால் செமிலிங் சாலையில் போகிற மாடுகூட நின்று பதில் சொல்லும். வெள்ளைக்காரத் துரை ஓடிய பிறகு இந்தத் தோட்டத்தைத் தாங்குவது ஆள் மேய்க்கும் மண்டோராகிய நான்தான். ரப்பரை வெட்டிவிட்டு மரவள்ளி நடச் சொல்கிறான் ஜப்பான்காரன். நடுகிறோம். யாரை எங்கே நிறுத்துவது என்பது தனி வித்தை. கோபக்காரனுக்கு மண்வெட்டி. வம்பு பேசுகிறவன் தனியாக. பாடத் தெரிந்தவள் நிரைக்கு நடுவில். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எந்த வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறார்கள்?

ஜூன் 9, புதன்
ஜப்பான் அதிகாரி வந்து ஆட்கள் எப்படி என்று விசாரித்தார். நான் சும்மா இருப்பேனா? "எங்காளு ஒருத்தன் மூணு ஆள் வேலை செய்வான்" என்றேன். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி டெஸ்மண்ட் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். அதிகாரி சிரித்தார். அவர் சிரித்து கெடாவில் யாரும் பார்த்ததில்லை.

ஜூன் 10, வியாழன்
ஏன் சிரித்தார் என்று இன்று தெரிந்தது. ஒருவன் மூன்று ஆள் வேலை செய்தால் மற்ற இருவர் மிச்சமாம். மிச்ச ஆண்கள் சயாம் ரயில் பாதைக்கு. சனிக்கிழமை வேலையை நேரில் பார்த்துவிட்டு லாரியில் ஏற்றுவாராம்.
முன்பு அங்கே போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. என் அக்காள் மகன் பிச்சை நல்ல பலசாலி. முதலில் அவனைத்தான் பிடிப்பார்கள்.
"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் லா, அண்ணே" என்றார் டெஸ்மண்ட்.
பிச்சையின் பெண்டாட்டி காளியம்மா பிள்ளைத்தாச்சி. என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு நேரே போய் வீடு வீடாக நுழைந்தாள்.

ஜூன் 11
என்ன செய்யப்போறேன்—

ஜூன் 12, சனி
எப்படி எழுதுவது.
அதிகாரி வரப்பில் நின்றார். தனியாளாக மூட்டை தூக்கும் பிச்சை, இன்று மூன்று பேரோடு ஒரு மூட்டையைப் பிடித்துத் தள்ளாடினான். கோபக்காரப் பழனியாண்டி மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினான், உட்கார்ந்தான். நிரைப் பாட்டு தாலாட்டாகிவிட்டது. "என்னடா இது" என்று கத்தப் போனேன்.
"தெனமும் இப்படித்தானே மாமா செய்றோம்" என்றாள் காளியம்மா, தலை நிமிராமல்.
அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷம் ஆள் மேய்த்தவன் நான். யாரும் அதட்டாமல், விசில் ஊதாமல், இத்தனை பேர் ஓர் உடம்பு போல அசைந்ததை நான் பார்த்ததே இல்லை. கோயில் தேர்கூட அப்படி நகராது.
மூன்று ஆள் வேலை செய்கிறவன் எங்கே என்று அதிகாரி கேட்டார்.
"பொய் சொல்லிட்டேன் துரை" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.
அவர் விட்ட அறை மெர்போக் ஆறுவரை கேட்டிருக்கும். இங்கே ஆள் போதாது என்று டெஸ்மண்டிடம் சொல்லிவிட்டுப் போனார். லாரி காலியாகவே போனது. அடுத்த லாரி எப்போதோ, தெரியாது.

ஜூன் 14, திங்கள்
என் மண்டோர் வேலை போய்விட்டது; பெரட்டை இப்போது டெஸ்மண்ட் எடுக்கிறார். என் பெயரையும் கூப்பிட்டார். நிரையில் பிச்சைக்கும் காளியம்மாவுக்கும் நடுவில் நின்று, பழைய பலத்தைக் காட்டி மண்வெட்டியை ஓங்கினேன்.
"மெதுவா மாமா. ஒரு ஆள் வேலைய மூணு பேரு செய்யணும்" என்றாள் காளியம்மா.
பிச்சை சிரிப்பை அடக்கிக்கொண்டு வெட்டினான். நானும் மெதுவாக வெட்டினேன். என் அளவுக்கு மெதுவாக வெட்ட இந்தத் தோட்டத்தில் எவனாலும் முடியாது.