பட்டாணி கேட்ட துஆ

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதுகிறேன். உன்னையும் மச்சானையும் என் மகள் பட்டாணியையும் அல்லாஹ் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் நான் அழுகிறேன், நீ அழுகிறாய், பட்டாணி ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறாள். ஒரு விஷயமும் பேசி முடிந்தபாடில்லை. அதோடு இந்த உறைக்குள் வைத்திருக்கும் சாமான் போன் வழியாக வராது.

வேலை பழகிவிட்டது. விமானத்தில் போகிறவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் கூடம். பெல்ட்டில் தட்டு நகர்ந்து வரும். என் பங்கு ரொட்டியும் வெண்ணெயும் கரண்டிப் பையும். கூடம் முழுக்க ஒரே குளிர். தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, உள்ளே இரண்டு ஸ்வெட்டர். யாரோ பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ரொட்டி வைக்கிறேன், என் பிள்ளை சாப்பிட்டாளா என்று தெரியவில்லை. ஒவ்வொரு தட்டையும் தள்ளிவிடும்போது இதுதான் மனதில் ஓடுகிறது.

சாமான் என்னவென்றால், காலி அட்டைப்பெட்டிகளின் வெள்ளைப் பக்கத்தை வெட்டி, என் கையால் துஆக்கள் எழுதியிருக்கிறேன். சாப்பிடும் முன் ஓதுவது, குளியலறைக்குள் நுழையும் முன் ஓதுவது, வெளியே கிளம்பும்போது, தும்மினால், தூங்கும்போது, விழித்ததும். எது எந்த இடத்துக்கு என்று பின்பக்கம் குறித்திருக்கிறேன். ஒட்டும்போது உன் உயரத்துக்கு ஒட்டிவிடாதே, அவள் கண் உயரத்துக்கு ஒட்டு. இது உம்மா எழுதியது என்று ஒவ்வொன்றையும் காட்டிச் சொல்.

இன்னொன்று. அர்த்தத்தோடு சொல்லிக்கொடு. நீயும் நானும் கடகடவென்று ஒப்பித்தே வளர்ந்தோம். என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தோம்! என் பிள்ளை தெரிந்து கேட்கட்டும்.

அவள் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம்.

உன் தங்கை

பிப்ரவரி 2

என் அருமைத் தங்கைக்கு,

வஅலைக்கும் ஸலாம். அட்டைகள் வந்தன. ஒன்றுகூட மடங்கவில்லை. மச்சான் தன் மோட்டார் கடையிலிருந்து டேப் கொண்டுவந்து முட்டிபோட்டு உட்கார்ந்து ஒட்டினார். இப்போது வீட்டில் எந்தக் கதவைப் பார்த்தாலும் இடுப்புக்குக் கீழே ஓர் அட்டை. வருகிறவர்கள் எல்லாம் குனிந்து படிக்கிறார்கள்.

உன் மகளின் அட்டகாசத்தைக் கேள். முதல் நாள் குளியலறை வாசலில் நின்று, இடது காலைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் நிதானமாக ஓதினாள். ஓதி முடிப்பதற்குள் காரியம் வாசலிலேயே முடிந்துவிட்டது. கழுவிவிட்ட என்னிடம், "துஆ சரியாதானே சொன்னேன்?" என்று கேட்கிறாள்.

மச்சான் கடையில் அதைவிடக் கூத்து. ஒரு வாடிக்கையாளர் தும்மிவிட்டுப் பேசாமல் இருந்தார். இவள் விடுவாளா? "நீங்க அல்ஹம்துலில்லாஹ் சொன்னாதான் நான் பதில் சொல்ல முடியும், சீக்கிரம் சொல்லுங்க" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனிதர் மோட்டாரை மறந்துவிட்டுச் சொன்னார். இவள் "யர்ஹமுகல்லாஹ்" என்று பெரிய மனுஷி மாதிரி பதில் கொடுத்தபிறகுதான் ஆளை விட்டாள்.

ஆனால் தூங்கும் துஆவில் மாட்டிக்கொண்டேன். நீ சொன்னாயே என்று அர்த்தம் சொன்னேன், யா அல்லாஹ் உன் பெயராலேயே மரணிக்கிறேன், உன் பெயராலேயே உயிர்வாழ்கிறேன் என்று. அவ்வளவுதான், "அப்ப நான் தூங்கமாட்டேன். வாப்பா மாதிரி மவுத்தாயிடுவேன்" என்று ஒரே அழுகை. கைக்குழந்தையாக இருக்கும்போது போன வாப்பாவை அவளுக்கு முகம்கூடத் தெரியாது, போய்விட்டார் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. மச்சான்தான் சமாளித்தார். "தூங்குறதுக்கு ஒண்ணு, எந்திரிக்கிறதுக்கு ஒண்ணு, ரெண்டும் ஜோடி. அத சொன்னா இதையும் சொல்லியாகணும். அதனால நீ எந்திரிச்சுதான் ஆகணும்" என்றார். அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. என் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

அர்த்தமெல்லாம் கொஞ்சம் பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாமே? அஞ்சு வயசுப் பிள்ளைக்கு வார்த்தை போதாதா? யோசித்து எழுது. குளிரில் காதை மூடிக்கொள், உனக்குக் காதுதான் முதலில் வலிக்கும்.

அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவள் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை.

அர்த்தத்தை மட்டும் விட்டுவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். பயந்தாலும் பரவாயில்லை, பயத்தைத் தீர்க்க மச்சான் இருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை போனில், "உம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுடா" என்று நீ கெஞ்சியது எனக்குக் கேட்டது. "வேலை இருக்கு" என்று அவள் சொன்னதும் கேட்டது. என்ன வேலை அக்கா அவளுக்கு?

இத்துடன் ஒரே ஒரு அட்டைதான் வைத்திருக்கிறேன். பெற்றோருக்கான துஆ. "ரப்பிர்ஹம்ஹுமா கமா ரப்பயானீ ஸகீரா." தொழுகைப் பாய் விரிக்கும் இடத்தில் ஒட்டு. நீ தொழும்போது பக்கத்தில் வந்து நிற்பாள் என்று போனில் சொன்னாயே, ஒவ்வொரு தொழுகைக்கும் பிறகு கையேந்தி இதைக் கேட்கச் சொல். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு பேசாவிட்டாலும் இந்தத் துஆவிலாவது ஐந்து வேளையும் நான் அவள் வாயில் வருவேன் இல்லையா? அதற்காகத்தான்.

இன்னொரு செய்தி. கூட வேலை செய்கிறவள் விடுதியைவிட்டு வெளியே ஓர் அறை பார்த்திருக்கிறாள். பாதி எனக்கு. பிள்ளையை இந்த நாட்டுக்கு அழைத்துவர அலுவலகத்தில் அனுமதி கேட்டு எழுதிக்கொடுத்திருக்கிறேன். கிடைத்தால் ஜூலையில் வந்து கூட்டிக்கொண்டு போவேன். மெதுவாக அவள் காதில் போட்டுவை.

உன் தங்கை

ஏப்ரல் 6

என் அருமைத் தங்கைக்கு,

வஅலைக்கும் ஸலாம். இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். மறைத்தால் என்றைக்காவது அவளே போனில் சொல்லிவிடுவாள். அவள் வாயால் கேட்பதைவிட என் கையால் படிப்பது மேல் என்று எழுதுகிறேன்.

புது அட்டையை ஒட்டினேன். இரண்டே நாளில் பாடமாகிவிட்டது. அர்த்தமும் சொன்னேன்: என் ரப்பே, சின்ன வயதில் என்னை வளர்த்த அவர்கள் இருவருக்கும் நீ இரக்கம் காட்டு. உடனே, "பெரியம்மா, வளர்க்கிறதுன்னா என்ன?" என்றாள்.

என் வாய் இருக்கிறதே, அதற்கு அளந்து பேசத் தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டே, "சோறு ஊட்டுறது, குளிப்பாட்டுறது, தலை வாரிவிடுறது, காய்ச்சல் வந்தா கூடவே இருக்கிறது, சேட்டை பண்ணினா திட்டுறது" என்று அடுக்கிக்கொண்டே போனேன். எங்கே போய் நிற்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

"அப்ப அது நீயும் பெரியப்பாவும்" என்றாள்.

"இல்லடா, உம்மாவும் வாப்பாவும்" என்றேன்.

"வாப்பா மவுத்து. உம்மா ஒருத்தங்கதானே? துஆவுல ரெண்டு பேருன்னு இருக்கே."

"உம்மா உனக்காகத்தான் அவ்வளவு தூரத்துல வேலை செய்யுறாங்க. டிரஸ், பொம்மை எல்லாம் யாரு அனுப்புறா? அதுவும் வளர்க்கிறதுதான்."

"அது அனுப்புறது" என்றாள்.

அன்றிலிருந்து ஓதிவிட்டு, "பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும்" என்று தமிழில் வேறு சேர்த்துக் கேட்கிறாள். திருத்தினால் ஒரு நாள் சரியாகச் சொல்கிறாள், மறுநாள் பழைய குருடி. முதல் தடவை கேட்டபோது மச்சான் பாயை விட்டு எழுந்திருக்காமல் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் கண்ணீர் வந்தது. அது எந்தக் கண்ணீர் என்று கேட்காதே. எங்களுக்காக இப்படிக் கேட்க இந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறக்கவில்லை, அது உனக்கே தெரியும். ஆனால் அல்லாஹ் மேல் ஆணை, நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கோபப்படாதே. சின்னப் பிள்ளை.

அக்கா

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

ஸலாம்.

நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, நம்புகிறேன். சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லையே. ஊட்டினீர்கள், குளிப்பாட்டினீர்கள், அதைப் பட்டியல் போட்டும் காட்டிவிட்டீர்கள். நான் அட்டையில் எழுதி அனுப்புகிறவள்தானே.

அவளை உங்களிடம் அமானிதமாகத்தான் ஒப்படைத்தேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுக்கவில்லை. உங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை என் பிள்ளையை வைத்துத் தீர்த்துக்கொள்ளாதீர்கள்.

அந்த அட்டையைக் கழற்றிவிடுங்கள். அந்தத் துஆ வேண்டாம். ஜூலையில் வருகிறேன். அவள் துணிமணிகளை எடுத்துவையுங்கள்.

தங்கை

மே 20

என் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் மறுபடியும் எழுதுகிறேன்.

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். இத்தனை வயதுக்குப் பிறகு உன்னிடமிருந்து எனக்கு மரியாதை கிடைத்திருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பிள்ளை இல்லாதவள் என்று ஊர் சொல்லியிருக்கிறது, மாமியார் சொல்லியிருக்கிறார். நீ சொன்னதில்லை. அதை மச்சானிடம் படித்துக்காட்டவில்லை. ஜூலையில் வருகிறாய் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார், சாப்பிடவில்லை.

நீ சொன்னபடி அட்டையைக் கழற்றிவிட்டேன். அவள் வாயிலிருந்து எப்படிக் கழற்றுவேன், நீயே சொல். "ஏன் எடுத்துட்ட?" என்றாள். "உனக்குத்தான் பாடமாயிடுச்சே" என்றேன்.

உம்மாவோடு போகப்போகிறாய் என்று சொல்லி, விமானம், ஜன்னல் என்று ஆசை காட்டினேன். "நீங்களும் வர்றீங்களா?" என்றாள். இல்லை என்றதும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. மறுநாள் வாசல் பக்கம் போகவே மாட்டேன் என்று அடம். கடைக்கும் வரவில்லை, பக்கத்து வீட்டுக்கும் போகவில்லை. வெளியே கிளம்பும் துஆவை ஓதினால் கிளம்பித்தானே ஆகவேண்டும், அதனால் ஓதமாட்டாளாம்.

என்னால் உன்னைத் தடுக்க முடியாது, தடுக்கவும் மாட்டேன். பெற்றவள் நீ. துணி எல்லாம் துவைத்து மடித்துவைத்திருக்கிறேன். தலை வாரும்போது நடு வகிடு எடுக்காதே, அழுவாள். காய்ச்சல் வந்தால் வாயைத் திறந்து சொல்லமாட்டாள், காலைத் தொட்டுப்பார். வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் எழுதுகிறேன்.

நீ என்ன சொன்னாலும் என் தங்கைதான். உன் காதுவலி எப்படி இருக்கிறது?

அக்கா

ஜூன் 18

அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் எழுதியது தப்பு. அந்த வார்த்தை என் பேனாவில் எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. நீ மன்னித்தாலும் அது எழுதியது எழுதியதுதான். மச்சானிடம் காட்டாமல் இருந்தாயே, அதற்கு அல்லாஹ் உனக்குக் கூலி தரட்டும்.

நேற்று அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித்தான் பேசினார். "நீ ஷிஃப்டில் நிற்கும்போது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்றார். அறையில் இருப்பவள் என்றேன். அவளுக்கும் அதே ஷிஃப்ட் என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "யார் சாப்பாடு கொடுப்பார்கள்? உடம்புக்கு முடியவில்லை என்றால் கூட யார் இருப்பார்கள்?" வரிசையாகக் கேட்டார். நீ கீரை ஆய்ந்துகொண்டே சொன்னது அத்தனையும் கேட்டார், அக்கா. ஒவ்வொன்றுக்கும் உன்னைச் சொல்லத்தான் வாய் வந்தது. அனுமதி இல்லை என்று எழுதிவிட்டார்.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று அங்கேயே தோன்றியது. வந்தால் நானும் அவளும் சேர்ந்து உங்கள் இருவர் தலையில்தான் உட்கார வேண்டும். மச்சானின் கடை மூன்று வயிற்றுக்கே இழுபறி என்று எனக்குத் தெரியாதா? மறு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜூலையில் வரவில்லை. இப்போதைக்கு எப்போது என்றும் எழுத முடியவில்லை. மடித்துவைத்த துணிகளை எடுத்து அவளுக்குப் போட்டுவிடு. எங்கேயும் போகவில்லை என்று இன்றைக்கே அவளிடம் சொல். சந்தோஷப்படுவாள். அவள் எப்படிச் சந்தோஷப்பட்டாள் என்று மட்டும் எனக்கு எழுதவேண்டாம், தாங்கமாட்டேன்.

அந்த அட்டையைத் திரும்ப ஒட்டு. அவள் இஷ்டப்படியே கேட்கட்டும், திருத்தாதே. அர்த்தம் தெரிந்து கேட்கட்டும் என்று சொன்னவள் நான்தான். அவள் தெரிந்துதான் கேட்கிறாள். அந்த இருவர் நீங்கள் இருவரும்தான். எனக்கு ரோஷம் வந்தது, அழுகை வந்தது, ஆனால் பொய் என்று சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

இத்துடன் ஓர் அட்டை இருக்கிறது. அரபியில் எழுதவில்லை, தமிழில்தான். 'யா அல்லாஹ், பயணத்தில் இருப்பவர்களைப் பத்திரமாக வைத்திரு' என்று ஒரே வரி. உங்கள் இருவருக்கும் கேட்டு முடித்த பிறகு, கையை இறக்கும் முன் இதையும் சொல்லச் சொல். யாருக்காக என்று அவள் கேட்டால் தூரத்தில் இருக்கும் எல்லோருக்காகவும் என்று சொல். என் பெயரைச் சொல்லவேண்டாம். அந்த எல்லோரிலும் ஒருத்தியாக நான் இருந்துகொள்கிறேன்.

பட்டாணியைப் பெற்றவள்