கோட்டுக்கு மேலே ஒரு விரல்

என் ஸ்கேல்காரிக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். நாங்களும் சுகம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், ஆனால் அப்பா போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார், சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பதறாதே, இப்போது எழுந்து நடமாடுகிறார், நான் வைத்ததை உப்பில்லை என்று குறை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார். போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் அதட்டுவேன், விஷயம் பாதியில் நின்றுபோகும். தம்பிக்கும் இன்னும் சொல்லவில்லை, நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

எல்லாம் தண்ணீரால் வந்தது. நம் கட்டடத்தில் குழாய் வறண்டது உனக்குத் தெரியும், லாரி வந்து கீழ்த்தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும், அதை வீட்டுக்கு ஆறு வாளி என்று பிரிக்க வேண்டும். பிரித்துக்கொண்டிருந்தவர் கீழ்வீட்டு மீசைக்காரர், நம் சங்கத்துச் செயலாளர். அவர் வீட்டுக்கு மட்டும் தொட்டியிலிருந்து தனியாக ஒரு ரப்பர் குழாய் போகும், அவர் ஸ்கூட்டர் கழுவுவார், மேல்மாடியில் நாங்கள் அடிச்சேற்றை வடிகட்டிக் குடிப்போம். ஆனாலும் வருஷா வருஷம் அவருக்கேதான் கை தூக்குவார்கள். திருடன் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கிறீர்களே, சூடு சொரணை கிடையாதா என்று மாடிப்படியில் நின்று நான் கத்தாத நாள் இல்லை. நாட்டிலும் இதே கூத்துதானே என்பேன். மந்திரி வீட்டுக் குழாயை ஊரிலேயே கடைசியாகத் திறக்கட்டும், அதிகாரிகள் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் கடைசி ஆளாக நிற்கட்டும், அப்புறம் பார், எல்லாம் தானாகச் சரியாகும் என்று துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் அளந்து விடுவேன். அளவெடுக்க வந்தோமா, பிரசங்கம் கேட்க வந்தோமா என்று அவர்கள் சலித்துக்கொள்வார்கள். இதெல்லாம் புத்தகத்தில் படித்ததில்லை, உங்கள் இரண்டு பேரிடமும் கற்றதுதான். ரொட்டியை வெட்டுகிறவர் கடைசியில் எடுக்க வேண்டும் என்று நான் சொன்ன அன்று நீ பள்ளிக்கூடப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்து அளந்து வெட்டினாய், தம்பி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துப் படுத்துவிட்டான். அன்றோடு வீட்டில் பங்குச் சண்டை ஓய்ந்தது, உனக்கும் பெயர் நிலைத்தது.

வீட்டில் நடந்தது கட்டடத்தில் நடக்காதா என்று இந்த முறை கூட்டத்தில் எழுந்து கேட்டேன். வீட்டுக்கு ஒரு பட்டன் கொடுங்கள், என் தையல் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுப்போம், யாருடைய பட்டன் வருகிறதோ அவர் ஒரு மாதம் பிரிக்கட்டும், பிரிக்கிறவர் எல்லோருக்கும் ஊற்றிவிட்டு மிச்சத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். இரண்டாம் மாடி எலக்ட்ரீஷியன்தான் முதலில் கைதட்டினார், பிறகு எல்லோரும். முதல் பட்டனும் அவருடையதே வந்தது. மனிதர் எல்லார் வாளியிலும் உள்பக்கம் சிவப்புக் கோடு போட்டு, கோட்டைத் தாண்டாமல் சொட்டுக் கணக்கில் ஊற்றினார், கடைசி ஆளான அவருக்கும் அதே ஆறு வாளி வந்தது. மீசைக்காரரின் ரப்பர் குழாயை அவர் கண் முன்னாலேயே சுருட்டி மூலையில் போட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை, நாட்டையே என் கையில் கொடுத்தாலும் நடத்திவிடுவேன் என்று நினைப்பு.

அடுத்த மாதம் வந்தது அப்பாவின் பழைய கோட்டுப் பட்டன். அப்பா கையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக் கடையில் கம்பவுண்டராக இருந்த காலம் முழுக்க, பாட்டிலில் போட்ட கோட்டுக்கு மேலே ஒரு விரல் கூடுதலாகத்தான் ஊற்றுவார், பாட்டிலில் ஒட்டிக்கொள்வது நோயாளிக்குக் குறையக் கூடாதாம். அந்தக் கை வாளிக்கும் அப்படியே ஊற்றியது. ஒரு விரல் ஒரு விரலாக நம் பங்கு மற்றவர்கள் வாளியில் ஏறிக்கொண்டு போனது. கோட்டைத் தாண்டிவிட்டது, போதும் என்று ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே, எலக்ட்ரீஷியன்கூட மேலே பார்த்துக்கொண்டு நின்றார். நமக்கு மூன்று வாளி வந்தது, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நாம ரெண்டு பேருதானே, எதுக்கு அவ்வளவு என்பார். அவருக்குச் சிறுநீரகத்தில் கல் இருப்பதும், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருப்பதும் உனக்குத் தெரியும். கேட்டால் டீக்கடையில் குடித்தேன் என்று சொல்லிவிட்டு இருப்பதை எனக்கு விட்டுவிடுவார். தண்ணீர் கேன் வாங்கலாம் என்றால் கடைக்காரர் கையை விரிக்கிறார். பொறுக்காமல் ஒருநாள் நான் கீழே போய் அவர் கையிலிருந்த மக்கைப் பிடுங்கினேன். வந்தது என் பட்டன், நான்தான் ஊற்றணும் என்று அப்பா திரும்ப வாங்கிக்கொண்டார். கோட்டோடு நிறுத்துங்கள் என்று பக்கத்திலேயே நின்று கத்தினேன், நிறுத்தத்தான் பார்த்தார், கை கேட்கவில்லை. ஒருநாள் காலையில் ஒற்றை வாளியோடு படியேறும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. தண்ணீர் படி படியாக இறங்கிக் கீழே போனது, எனக்கு முதலில் ஐயோ தண்ணீர் என்றுதான் வாயில் வந்தது.

டாக்டர் திட்டின திட்டை எழுத மாட்டேன். இன்னொரு தடவை இப்படிக் காயவிட்டால் கிட்னியை மறந்துவிடுங்கள் என்றார். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே நான் வீட்டுக்கு ஓடிவந்து கதவு கதவாகத் தட்டினேன். அவர் திரும்பி வந்தாலும் மக்கை விட மாட்டார், மாதம் முடியும்வரை நம் ஆறு வாளியை மட்டும் முதலில் எடுத்து வைத்துவிடலாம் என்று கேட்டேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள், ஒருத்தரும் சரி என்று சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "அக்கா, நீங்க போட்ட சட்டம்தானே. உங்களுக்காக இன்னைக்கு வளைச்சா, அப்புறம் மீசைக்காரர் செஞ்சது மட்டும் என்ன தப்பு?" அவர் சொன்னதில் தப்பே இல்லை. திருடனைப் பிடிக்க நான் போட்ட சட்டம், அது உங்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. ஆசைப்படுகிறவனை அடக்க அது போதும், ஆசையே இல்லாத மனிதரை யார் காப்பாற்றுவது என்று நான் யோசிக்கவே இல்லை. பதினைந்து வீட்டில் ஒருத்தராவது கடைசி வாளியை எட்டிப் பார்த்திருந்தால் சட்டமே வேண்டியிருக்காது.

ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர் மீசைக்காரர் ஒருத்தர்தான். ஆப்பிள் வாங்கி வந்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் பார்த்துக்கிட்டிருந்தா உங்க வீட்டுக்கு இப்படி ஆக விட்டிருப்பேனா தங்கச்சி, இனிமே முதல் வாளி உங்களுக்குத்தான் என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். பட்டன் வேண்டாம், தினமும் பஞ்சாயத்தாக இருக்கிறது, பழையபடி மீசைக்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்று பேச்சு வந்தது. கை தூக்கச் சொன்னார்கள். அப்பா நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார், இரண்டு கையும் மடியில் கிடந்தன. எலக்ட்ரீஷியனும் தூக்கவில்லை. நான் தூக்கினேன் கண்ணு. யாரையெல்லாம் சொரணை இல்லாதவர்கள் என்று திட்டினேனோ அவர்களோடு சேர்ந்து நானும் தூக்கினேன். அவர்கள் வீட்டிலும் யாராவது படுத்திருந்திருப்பார்களோ என்னவோ, நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது தண்ணீர் வருகிறது. சொன்ன சொல் தவறாமல் முதல் வாளி நம் வாசலுக்கு வந்துவிடுகிறது, கீழே ரப்பர் குழாயும் பழைய இடத்துக்குப் போய்விட்டது. அப்பா அந்த வாளியைத் தொடுவதில்லை. காலி வாளியோடு இறங்கிப் போய் வரிசையின் கடைசியில் நிற்கிறார், கிடைத்ததை ஏந்திக்கொண்டு வருகிறார். நான் அதைத் துணி அலச எடுத்துக்கொண்டு, முதல் வாளியிலிருந்து அவர் கூஜாவை நிரப்பி, நீங்கள் கொண்டுவந்ததுதான் என்று நீட்டுகிறேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குடிக்கிறார்.

நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, ஆட்களுக்கு ஷிப்டு பிரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள், விடுமுறை நாள், ராத்திரி எல்லாவற்றையும் எனக்கே போட்டுக்கொள்கிறேன், எல்லோருக்கும் என்மேல் மதிப்பு என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. மதிப்பெல்லாம் இருக்கட்டும், எத்தனை பேர் உன்னிடம் போதும் என்று சொன்னார்கள்? நீ என் ஸ்கேலைத்தான் வைத்திருக்கிறாய் என்று இருந்தேன், கை அப்பாவுடையதாக இருக்கிறது. கோட்டோடு நிறுத்திக்கொள். சொல்லும்போது எனக்கே நாக்குக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

நீ நோய் நொடி இல்லாமல், நல்லவர்கள் நாலு பேர் சுற்றியிருக்க நிறைந்து வாழ வேண்டும். தண்ணீர் நிறையக் குடி. அப்பாவுக்குத் தனியாக எழுது, உடம்பை விசாரி, ஆனால் நான் கை தூக்கியதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அவரே இன்னும் என்னிடம் கேட்கவில்லை.

உன் அம்மா