ராகுகாலத்தில் இறக்கிய பொத்தான்கள்

சிவமயம்

பண்டத்தரிப்பு,
ஆனி மாதம், வியாழக்கிழமை.

ரொறன்ரோவில் இருக்கும் மகன் சிவசுப்பிரமணியத்துக்கு அம்மா எழுதுவது.

மடத்து வெப்சைட் திறந்த அன்று, வெள்ளிக்கிழமை காலை, கீரிமலை மடத்துக் கந்தோர் அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் தான் அங்கே இருக்கவில்லை என்று சொல்லக் கூடாது. நான். உன் தங்கச்சி விட்டுப்போன பிள்ளை தாரிகா. உன் மனைவியின் தமையன் மகன் கோகுலன். மடத்துச் சபைத் தலைவர் இராசநாயகம் வாத்தியார். அடுத்தது நீ. மேசையில் தண்ணீர்ப் போத்தலில் சாத்தி வைத்த போனுக்குள் இருந்தாய். போனுக்குள் இருந்தாலும் இருந்தது இருந்ததுதான்.

நான் சுகம். முழங்கால் நோ அப்படியே. கிழக்கு வேலி அடைத்தாயிற்று. நீ கேட்ட பனங்கிழங்கு மா இடித்து வைத்திருக்கிறேன், ஆனால் அனுப்பவில்லை. ஏன் என்று கடைசியில் தெரியும்.

அப்பாவின் நினைவாக மடத்துக்கு வெப்சைட் செய்கிற வேலையைத் தாரிகா இரண்டு மாதம் செய்தாள். வெளிநாட்டிலிருந்து செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக்கும் ஆடி அமாவாசைக்கும் வருகிற சனம் அங்கிருந்தே அறையும் சமையலும் சொல்லி வைக்க வேண்டும் என்பதுதானே ரொறன்ரோவில் உங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆசை. நான் ஐந்தாம் வகுப்புக்கு மேலே போகாதவள். ஆனால் அவள் செய்ததெல்லாம் எனக்கு வரிசையாகத் தெரியும். பக்கத்தில் இருந்தவள் நான்.

பொத்தான், பெயர் எழுதுகிற கட்டம், திகதி பார்க்கிற நாட்காட்டி, இதெல்லாம் ஒவ்வொன்றாகச் செதுக்கத் தேவையில்லையாம். யாரோ நல்ல வேலைகாரர் செய்து ஒரே கட்டாக வைத்திருக்கிறார்கள். அதை லைபிரரி என்கிறார்கள். தச்சுப்பட்டறையில் செய்துவைத்த கதவையும் யன்னலையும் வாங்கி வீட்டில் பொருத்திப் பூட்டுகிற மாதிரி. கொம்பியூட்டரில் ஒரு வரி எழுதினால் அந்தக் கட்டு இறங்கும். இறங்கினால் போதாது. அலங்காரக் கோப்பை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தரம் சேர்க்க வேண்டும், நிறம் சொல்ல வேண்டும், தமிழ் எழுத்துச் சொல்ல வேண்டும். கோயில் மதிலின் காவிச் சிவப்பு வரும்வரை அவள் ஒன்பது தரம் மாற்றினாள். நான் முருங்கையிலை ஆய்ந்தபடி இது கூட, அது குறைவு என்று சொன்னேன்.

எந்தக் கட்டு இறங்கியது என்பதற்கு ஒரு எண் உண்டு. நாலு, பதினெட்டு, மூன்று. அந்த எண்ணைப் பிடித்துவைக்கிற ஒரு பூட்டுக் கோப்பும் உண்டு. அதை அழித்தால் அடுத்த தரம் வேறு கட்டு இறங்கிவிடும் என்று சொல்லி, அந்த எண்ணைக் கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதி லப்டொப் மூடியில் ஒட்டினாள். கீழே "தொட வேண்டாம்" என்றும் எழுதினாள். நான் பார்த்தேன்.

திறப்புக்கு முதல் நாள், வியாழக்கிழமை காலை முழுதும் கரண்ட் இல்லை. ஒன்றேமுக்காலுக்கு வந்தது. பூட்டுக் கோப்பை மட்டும் விட்டு, எல்லாவற்றையும் துடைத்து இன்னொரு தரம் சுத்தமாக இறக்கிச் சரிபார்த்தாள். ஒவ்வொரு பொத்தானும் வேலை செய்தது. என் பெயரில் ஒரு அறை சொல்லி வைத்தும் பார்த்தோம்.

வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று ராகுகாலம் என்று எனக்குத் தெரியாமலா? தெரியும். கரண்ட் வந்த நேரம்தான் நேரம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளி காலை திறப்பு ஒன்பது நாற்பதுக்கு. எட்டரைக்கு அர்ச்சனைத் தட்டு எடுத்துவர நான்தான் தாரிகாவைக் கோயிலுக்கு அனுப்பினேன். அந்தக் குற்றம் என்னுடையது, நான் எடுத்துக்கொள்கிறேன். வாத்தியார் மாவிலை கட்ட வாசலுக்குப் போய்விட்டார். கோகுலன் லப்டொப்பைக் கிண்டிக்கொண்டிருந்தவன், எத்தனை மணிக்கு இறக்கியது என்பதை அதில் கண்டுபிடித்துச் சிரித்தான். "ராகுகாலத்திலை இறக்கியிருக்கிறாள், ஆச்சி. விளங்கும்" என்றான். கரண்டுக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது என்றேன் நான்.

அப்போது போனுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"உந்தக் கட்டை முழுக்க அழிச்சுப்போட்டு இப்ப நல்ல நேரத்திலை திரும்ப இறக்கு, தம்பி. அப்பாவின்ரை பேரிலை நடக்கிற காரியம்."

உன் குரல். அவன் ஒரு கணம் தயங்கினான், அதையும் சொல்ல வேண்டும். எண் ஒட்டியிருக்கிறது மாமா என்று காட்டினான். "புதுசு வந்தால் நல்லதுதானே. நான் சொல்லுறன், செய்" என்றாய். நான் தாரிகா வரட்டும் என்றேன். "உங்களுக்கு உது விளங்காது, அம்மா" என்றாய்.

அவன் கட்டையும் அழித்தான், பூட்டுக் கோப்பையும் அழித்தான். எட்டு ஐம்பதுக்குப் புதுக் கட்டு இறங்கியது; அதில் பழைய அலங்காரக் கோப்பே இல்லையாம், நாட்காட்டியும் வேறாம். பிள்ளை தட்டோடு வந்தபோது எல்லாரும் மண்டபத்துக்குப் போயாயிற்று.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பெரிய திரையில் காவிச் சிவப்பும் இல்லை, கட்டமும் இல்லை, வெறும் எழுத்து. லண்டனிலிருந்து ஒரு பெண் தகப்பனின் அந்தியேட்டிக்கு அறை சொல்லப் பார்த்தாள், நாட்காட்டி திறக்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் உரித்த கோழி மாதிரி இருக்கு என்றார். சனம் சிரித்தது. தாரிகா அர்ச்சனைத் தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

எல்லாரும் கேட்கத்தக்கதாகப் போனில் நீ சொன்னது இது. "சின்னப் பிள்ளையிட்டைக் குடுத்தது எங்கடை பிழை."

கோகுலன் தலையைக் குனிந்தான். நீ குனியவில்லை. உன் முகம் பெரிதாக எனக்குத் தெரிந்தது.

அன்று பின்னேரமே அவள் அந்த எண்ணைப் பார்த்துப் பழைய கட்டைத் திரும்ப இறக்கினாள். நாற்பது நிமிடம். அதற்குப் பிறகு ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் ஊரில் ஐந்து பள்ளிக்கூடங்களுக்கு வெப்சைட் செய்கிற அடுத்த வேலையைக் கோகுலனிடம் கொடுக்கச் சொல்லி நீ சங்கத்துக்கு எழுதியிருக்கிறாய். மடத்து வேலையையும் அவனிடம் ஒப்படைக்க வேண்டுமாம். வாத்தியார் வாசித்துக் காட்டினார். பிள்ளை கொழும்பில் வேலை தேடுகிறாள். அழித்தது கோகுலன் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். "விடுங்கோ அம்மம்மா, மாமா என்னைப் படிப்பிச்சவர், அவருக்கு உது தெரியாது" என்கிறாள். யார் சொல்லி அழித்தது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு அப்பாவின் றேடியோவை விழுத்தி உடைத்தவன் நீ. தங்கச்சி என்று கையைக் காட்டினாய். நான் பூவரசம் தடியால் அவளுக்கு அடித்தேன், ஏழு அடி. அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உன் காற்சட்டைப் பையில் றேடியோவின் முள்ளை நான் கண்டது அடுத்த நாள், உடுப்புத் தோய்க்கும்போது. உன்னிடமும் கேட்கவில்லை, அவளிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் போய்ப் பத்து வருடம். இனி யாரிடம் கேட்பது? அவள் பிள்ளைக்கு அதே அடி விழ நான் விடமாட்டேன்.

ஆடி அமாவாசைக்கு மடத்தில் அறை சொல்லி வைத்திருக்கிறாய். உன் பெயரைத் திரையில் கண்டேன். தாரிகா திருத்தின நாட்காட்டியில் திகதி பார்த்து, தாரிகா பூட்டின பொத்தானை அமர்த்தித்தான் உனக்கு அறை கிடைத்தது. மடத்திலேயே தங்கு. இந்த வீட்டுப் படி ஏறாதே. என் கொள்ளியைத் தாரிகா வைப்பாள் என்று எழுதி, கையெழுத்தும் வைத்து, கிராமசேவகரிடம் கொடுத்துவிட்டேன். நீ விமானம் ஏறத் தேவையில்லை.

வருகிற ஞாயிறு சங்கக் கூட்டம், வாத்தியாரும் போனில் சேருவார். அழிக்கச் சொன்னது நான் என்று அதில் நீ உன் வாயால் சொல். இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக் கஜானி படம் எடுத்து உன் போனுக்கு இன்றைக்கே அனுப்புவாள், கிடைக்கவில்லை என்று சொல்லாதே. இதையே இன்னொரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, வாத்தியார் வீட்டு அலுமாரியில் வைத்திருக்கிறது. நீ சொல்லாவிட்டால் அவர் பிரித்து எல்லாருக்கும் வாசிப்பார். சொன்னால் அந்தப் பிள்ளைக்காகச் சொல். எனக்காக வேண்டாம், எனக்கு அது போதாது.

பேரப்பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். கோகுலன் நேற்று வந்து வாசலில் நின்று அழுதான், தேத்தண்ணி கொடுத்தேன். அவனை மன்னித்துவிட்டேன். சிரித்த சனத்தையும் மன்னித்துவிட்டேன்.

மன்னிக்காதது ஒரே ஒரு ஆளைத்தான். நாகலிங்கம் சிவசுப்பிரமணியம்.