திரும்பிப் பார்த்தால் ரோஜா நிற்கும்

ஐப்பசி 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். துவைத்த துணி ஒன்றுகூடக் காயவில்லை. திருமயம் ஸ்டாண்டில் பஸ் வழக்கம்போல் லேட். மகள் கவிதாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். டிக்கெட் நான் வாங்கினேன். இறங்கியதும் செருப்பு வாரை நான் மாட்டிவிட்டேன். அவளுக்கு வயது இருபது.

ஸ்பெஷல் ஸ்கூல் முடிந்து இரண்டு வருடம் டிவி முன்னாலேயே கிடந்தாள். எதுவும் மெதுவாகத்தான் ஏறும் அவளுக்கு. பத்துக்கு மேல் எண்ணச் சொன்னால் குழப்பம். இப்போது சேர்த்திருக்கும் இந்தக் குதிரைப் பண்ணையில் படிப்பெல்லாம் குதிரையை வைத்தே. தீனி அளந்தால் கணக்கு. குதிரைக்கு என்ன செய்தோம் என்று சொன்னால் பேச்சுப் பயிற்சி. கேட்டபோது எனக்குச் சிரிப்புதான். குதிரையிடம் என்னத்தைப் படிக்க?

பெற்றவர்களுக்கு வாசல் கேட்டோடு சரி, உள்ளே விடமாட்டார்கள். மற்ற அம்மாக்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில், சாயங்காலம் வரை. உள்ளே என்னதான் நடக்கிறது? மண்டை காய்கிறது.

வாங்க வேண்டியது: புளி, வெள்ளை நூல், தேங்காய் எண்ணெய்.

5, புதன்

நல்ல வெயில். வேலித் தகரத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தேன்! வெட்கம் என்ன, என் பிள்ளைதானே.

ரோஜா என்று ஒரு வெள்ளைக் குதிரை. முன்பு கல்யாண ஊர்வலத்துக்குப் போய்வந்ததாம். கவிதா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால். நாலு எட்டு வைத்ததும் திரும்பி அதன் முகத்தைப் பார்க்கிறாள். அது நின்றுவிடுகிறது. இழுக்கிறாள். ம்ஹூம்.

ஜெயந்தி டீச்சர்: "திரும்பிப் பாக்காத கவிதா. பாத்தா, நிக்கச் சொல்றேன்னு அது நெனைச்சுக்கும். நீ பாட்டுக்கு நட, அது வரும்."

அப்படியா? வருகிறதா என்று பார்க்காமல் எப்படி நடப்பது? வராவிட்டால்?

வீட்டுக்கு வந்து எதிர்வீட்டு ஆட்டை அவிழ்த்துச் சோதித்தேன். திரும்பினாலும் ஒன்றுதான், திரும்பாவிட்டாலும் ஒன்றுதான். என் முந்தானையைத் தின்றது. ஆட்டுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது போல.

6, வியாழன்

டீச்சர் கேட் வரைக்கும் வந்தார். "அக்கா, அடுத்த வாரத்துலேருந்து காலைத் தீனிப் பொறுப்பக் கவிதாட்ட குடுக்கலாம்னு இருக்கேன். ஆனா அவ முத பஸ்ஸுல தனியா வரணும். அம்மா கூட வர்ற பிள்ளைக்கு அந்தப் பொறுப்பு குடுக்குறதில்ல."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "எறங்குற எடத்த விட்டுட்டா? பஸ்ஸுல என்னென்ன ஆளுக வருவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"அவளக் கேட்டீங்களா?"

"அவளுக்கு என்னங்க தெரியும்!" சொல்லி வாய் மூடவில்லை, டீச்சர் பின்னால் கவிதா நிற்கிறாள்.

"தீனி நாந்தான்," என்றாள். வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள். சோறும் வேண்டாமாம். ரசம் அப்படியே இருக்கிறது.

பயமாக இருக்கிறது. வேறொன்றுமில்லை, பயம்.

7, வெள்ளி

மறுபடி ஓட்டை வழியாகப் பார்த்தேன். கவிதா இன்று திரும்பவே இல்லை! ஒரு சுற்று முழுக்க. ரோஜா பின்னாலேயே, சாதுவாக. இவள் வாய் அசைகிறது. காதைத் தகரத்தில் வைத்தேன்.

"அவசரப்படாத. ஈரமா கெடக்கு. காலப் பாத்து வையி ஆத்தா. யாரு ஒன்னய வெரட்டுறா?"

அடிப்பாவி! அத்தனையும் என் பேச்சு. இழுவைகூட என்னுடையது. வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், குதிரையிடம் இப்படியா? வேறு என்னவெல்லாம் சொல்வாள்? அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

ராத்திரி மஸ்கட்டிலிருந்து கவிதா அப்பா போன். "ஒருதரம் அனுப்பித்தான் பாரேன், கண்டக்டர்ட்ட சொல்லிவிடு." அங்கிட்டு உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கென்ன.

தையல் பாக்கி: பள்ளிக்கூட டீச்சரம்மா ஜாக்கெட், கை வைக்கணும்.

9, ஞாயிறு

கவிதாவுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்தேன். "நாளைக்குத் தனியாப் போறியா?" என்றேன். எண்ணெய்த் தலையோடு எழுந்து போய்ப் பையை எடுத்துவைத்தாள். பதில் அவ்வளவுதான்.

10, திங்கள்

மழை இல்லை. இருட்டு விலகும்போதே ஸ்டாண்டுக்குப் போனோம். போன் கழுத்தில். டிக்கெட் காசு அவள் கையில். செருப்பு வாரை அவளே மாட்டினாள், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்டக்டரிடம் இரண்டு தடவை சொன்னேன். "குதிரைப் பண்ணதானங்க, எறக்கி விட்டுர்றேன்," என்றார்.

கவிதா பஸ்ஸை நோக்கி நடந்தாள். "பாத்து, பாத்து," என்றேன். நின்றாள். மறுபடி நடந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். மறுபடி நின்றாள். "ஏறும்மா, டயமாச்சு!" கண்டக்டர் சத்தம்.

திரும்பி என்னிடமே வந்தாள். போச்சு, வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ம்மா, நீ பாக்குற."

"பாக்காம?"

"பாத்தா நின்னுருவேன். அங்கிட்டுத் திரும்பி நட."

தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டாள். நடந்தேன். விசில் கேட்டது. பஸ் கிளம்பும் சத்தமும். ஏறினாளா? கழுத்து வலித்தது, திரும்பவில்லை. மளிகைக்கடை தாண்டினேன், பள்ளிக்கூடம் தாண்டினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் பார்த்தேன்.

பின்னால் யாரும் வரவில்லை. ஏறிவிட்டாள்.