தொப்பை மேல் தப்பில்லை

என்னங்க, காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், வயிறாரச் சாப்பிடுங்கள். நான் பின்னிய ஸ்வெட்டர் வயிற்றில் பிடிக்கிறது என்று இரண்டு நாளாகப் பட்டினி கிடந்தது போதும்.

"எனக்கு எதுவும் பொருந்தாது, விடு" என்று கண்ணாடி முன்னால் சொன்னீர்களே, அது என்னைத் தூங்கவே விடவில்லை. எழுந்ததும் டேப் வைத்து அளந்தேன். முதுகுப்பக்கம் சரியாக இருக்கிறது. முன்பக்கம்தான், ஊசியில் அதே நூற்றுப்பத்துக் கண்ணி போட்டும், இரண்டு அங்குலம் குறைகிறது. முதுகைப் பின்னியபோது நாம் பேசிக்கொண்டிருந்தோம். முன்பக்கம் பின்னியது, உங்கள் அக்கா சொன்ன சொல்லுக்காக நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்த வாரம். கோபத்தில் நூலை இழுத்து இழுத்து இறுக்கிப் பின்னியிருக்கிறேன். உங்கள் தொப்பை கூடவில்லை, அப்படியேதான் இருக்கிறது. அப்பாடா.

முன்பக்கத்தைப் பிரித்து நூலை அலசிவிட்டேன். நாற்காலியில் காய்கிறது, அதன்மேல் உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தத் தடவை நெடுக்குக் கோடாகப் பின்னுகிறேன், ஆளும் உயரமாகத் தெரிவீர்கள்.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

பி.கு.: சாயங்காலம் சீக்கிரம் வாருங்கள். நான் பின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருங்கள். உங்கள் அக்காவைப் பற்றி மட்டும் வேண்டாம், இன்னும் கழுத்து பாக்கி இருக்கிறது.