ஐந்து எண்ணும் நேரம்

9 ஜூலை 1963, செவ்வாய்

விடாத மழை. அரைநாள் லீவு போட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் மூட்டுத் தேய்மானம். மாத்திரையைவிடப் பயிற்சிதான் முக்கியமாம்.

சொல்லித்தந்த மராத்திப் பெண் நல்ல மாதிரி. மல்லாந்து படுத்து, காலை நீட்டி ஒரு சாண் தூக்கி, ஐந்து எண்ணி இறக்க வேண்டும். "பாஞ்ச் தக், பஸ்", ஐந்து வரைக்கும் போதும் என்று இரண்டு முறை சொன்னாள். காலுக்குப் பத்துத் தடவை. காலை, மாலை.

நாங்கள் மூன்றாம் மாடி. குழாயும் கக்கூசும் கீழே. மாதக் கடைசிக்குள் அம்மாவால் படி இறங்கி ஏற முடியாவிட்டால் அம்பர்நாத்துக்குக் கூட்டிப்போய்விடுவானாம் பெரியண்ணன். அங்கே அவனுக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ், தரைவீடு. அப்புறம் எனக்கு ஹாஸ்டல்தான். அம்மாவுக்கு விருப்பமில்லை. "ஒன் மதினி வீட்ல நான் விருந்தாளியா, வேலைக்காரியாட்டி?"

11, வியாழன்

வாங்க: வெந்நீர்ப் பை, மண்ணெண்ணெய். லைப்ரரி புத்தகம் நாளை கெடு. இன்னும் எண்பது பக்கம்.

பக்கத்தில் உட்கார்ந்து எண்ண எனக்குப் பொறுமையில்லை. எண்ணுவதற்குப் பதில், மாதாவுக்குச் சொல்லும் சின்னச் செபமான அருள் நிறைந்த மந்திரத்தை ஒரு தடவை சொல்லி இறக்கச் சொன்னேன். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் வராந்தாவில், புத்தகத்தோடு. உள்ளே முணுமுணுப்பு. நிம்மதியாக இருந்தது.

16, செவ்வாய்

ஆபீசில் டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன். விரலெல்லாம் கறுப்பு. வீட்டுக்கு வந்தால் அம்மாவின் வலது முழங்கால் வீங்கி, தொட்டால் சுடுகிறது.

பக்கத்து அறை செல்லத்தாய் அக்காதான் சொன்னாள். "ஒங்கம்மா கால அந்தரத்துல வச்சிக்கிட்டு விசுவாசப் பிரமாணம் முழுசும்லா சொல்லுதாவ. நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை.

சின்ன மந்திரத்துக்குச் சின்னப் பலன்தானே என்று அம்மாவே நீளமானதற்கு மாறிக்கொண்டாளாம். வலித்தபோது இறக்கியிருக்கலாமே என்றேன்.

"பாதி செபத்துல எப்படிட்டி எறக்க? மாசம் வேற முடியப் போவுதுல்லா."

18, வியாழன்

மறுபடி ஆஸ்பத்திரி. மராத்திப் பெண் அம்மாவைத் திட்டவில்லை. நீ பக்கத்தில் இல்லையா என்று என்னைத்தான் கேட்டாள். மூன்று வாரம் கால் ஊன்றக் கூடாது. அண்ணனுக்குக் கார்டு போட்டேன்.

21, ஞாயிறு

மழை இல்லை. அண்ணன் டாக்சியோடு வந்தான். யார் இப்படிச் செய்யச் சொன்னது என்றான். நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

"நானாத்தான் செஞ்சேன். பிள்ள பக்கத்துல இருந்து எண்ணிக்கிட்டுத்தான் இருந்தா."

பொய் சொன்னால் அடுத்த சனிக்கிழமையே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள். நான் மறுக்கவில்லை.

நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் இறக்கினார்கள். "மாதா சப்பரம் மாதிரில்லா போறீய" என்றாள் செல்லத்தாய் அக்கா. அம்மா சிரித்தாள். கைப்பிடியை மட்டும் விடவில்லை.

கீழே போனபிறகு அம்மாவின் மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது. எடுக்க ஓடினேன். மூன்று மாடி. கண்ணாடியைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன், எனக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.