பஸ்ஸில் வந்த கோழிப் பொரியல்

உடையார்கட்டு
06.08.2024

அன்பின் சாருஜன் அப்பாவுக்கு,

நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். நீங்களும் வவுனியாவில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. திருத்தக் கொடுத்தால் இரண்டு கிழமைச் சாமான் காசு அதோடு போய்விடும். அடுத்த வளவு ராக்காயி அக்காவின் போனில் கதைக்கலாம்தான். ஆனால் அவா வெற்றிலையை மென்றுகொண்டு பக்கத்திலேயே நின்று முழுவதையும் கேட்பா. ஆகவே இப்படிக் கடிதம்தான். முல்லைத்தீவு பஸ் கண்டக்டர் சஜீவன் புண்ணியத்தில் உங்கள் பொதியும் வருகிறது, என் கடிதமும் போகிறது.

போன கடிதத்தில் ஒரு பக்கம் நிறைய எனக்குச் சமையல் படிப்பித்திருக்கிறீர்கள். வெங்காயத்தை வதக்காமல் பச்சையாகவே போட்டால் எண்ணெய் மிச்சமாம். ஒரு தேங்காயை இரண்டு நாளைக்கு வைக்கலாமாம். கல்யாண மண்டபத்தில் தட்டுக் கழுவுகிற மனிதர் பதின்மூன்று வருடமாகக் குசினிக்குள் நிற்கிறவளுக்குச் சொல்கிற புத்தியைப் பார். ஒரு தேங்காயை நான் மூன்று நாளைக்கு வைக்கிறேன். முதற்பால் சொதிக்கு, இரண்டாம் பால் பருப்புக்கு, பிழிந்த சக்கையை வறுத்து மிளகாயோடு இடித்தால் சம்பல். தேங்காய்க்கு வாயிருந்தால் என்னை விட்டுவிடு என்று கத்தும்.

போன கிழமை நாங்கள் சாப்பிட்டதையும் கேளுங்கள். திங்கள் சோயா. செவ்வாய் பருப்பும் முருங்கையிலை வறையும். புதன் மறுபடியும் சோயா. இரண்டு உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டதால் அது வேறு கறி என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். சாருஜன் என்னை ஒரு பார்வை பார்த்தான். வியாழன் அரிசிக்குள் வண்டு. பொறுக்கிப் பொறுக்கிக் கண் நொந்துவிட்டது, அதற்குப் பிறகும் உலையில் இரண்டு மிதந்தன. சோயா ஊறும்போது வருகிற வாடை இருக்கிறதே, நனைந்த சாக்கு மாதிரி. பிழியப் பிழிய மஞ்சள் தண்ணீர். அதைப் பிள்ளைகளின் சோற்றில் ஊற்றிவிட்டு, “இறைச்சி மாதிரித்தான் இருக்கும், சாப்பிடுங்கோ” என்று சொல்ல என் நாக்குக் கூசுகிறது.

ஞாயிறு மட்டும்தான் மனிதர் சாப்பிடுகிற சாப்பாடு, அதுவும் உங்கள் பொதியால். சட்டியில் மிஞ்சியதை வேலையாட்களுக்குக் கொடுத்தனுப்ப இந்தக் காலத்தில் யாருக்கு மனம் வரும்? மண்டபத்துக்காரர் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு விசயம். இந்த முறை ஒரு கோழிக்காலில் கடித்த அடையாளம் இருந்தது. “அம்மா, இதை ஆரோ கடிச்சிருக்கினம்” என்று சாருஜன் தள்ளி வைத்தான். உங்கள் மகள் விடுவாளா? “அப்பாதான் எனக்காகக் கடிச்சுப் பாத்து அனுப்பினவர்” என்று பறித்தெடுத்து, எலும்பு வெள்ளையாகும்வரை டிலக்சி சூப்பினாள். பசித்தால் முழுவதையும் சாப்பிட வேண்டியதுதானே. பாதியில் கடித்து வைப்பது என்ன பழக்கம்?

இப்படிக்கு,
உங்கள் கஜேந்தினி


வவுனியா
09.08.2024

அன்புள்ள கஜிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நான் சுகம். ஏச்சு வாங்கினாலும் உம்முடைய எழுத்தைப் பார்த்தால் பக்கத்தில் நின்று கதைக்கிற மாதிரி இருக்கிறது. இனிமேல் சமையல் படிப்பிக்கமாட்டேன். ஆனால் சோயாவை ஊறவைக்கிற தண்ணீரில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் அந்த வாடை போகும் என்று எங்கள் சமையற்காரர் சொல்கிறார்.

அந்தக் கடி என்னுடையதுதான். உப்புப் பார்த்தேன். அப்பா அவளுக்காகத்தான் கடித்தார் என்று டிலக்சியிடம் சொல்லும்.

இங்கே ஓய்வில்லை. வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் நாளுக்கொரு பிறந்தநாளும் வரவேற்பும் வைக்கிறார்கள். தாங்களே எடுத்துச் சாப்பிடுகிற முறைதான். ஒருவர் ஐந்து துண்டு கோழியைக் குவித்துக்கொண்டு போவார், ஒன்றைக் கடிப்பார், படம் எடுப்பார், எழும்பிப் போய்விடுவார். அந்தத் தட்டுகளை அள்ளும்போது எனக்கு வயிறு பற்றி எரியும். நம்முடைய பிள்ளைகள் இரண்டையும் நினைத்துக்கொள்வேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். கோழி வந்தவுடன் உப்பும் மஞ்சளும் போட்ட சுடுதண்ணீரில் நன்றாக அலசி, திரும்ப ஒருக்காப் பொரித்துவிட்டுக் கொடும். பஸ்ஸில் சரியான தூசி.

அன்புடன்,
வினோதன்


உடையார்கட்டு
20.08.2024

சாருஜன் அப்பாவுக்கு,

ஞாயிறு வந்த பொதியில் கோழி வழமையை விடக் கூட இருந்தது. ராக்காயி அக்காவிடம் நாங்கள் வாங்கிச் சாப்பிடாதது எது? மரவள்ளிக் கிழங்கு, பூசணி, கீரை என்று வேலிக்கு மேலால் தந்துகொண்டேயிருக்கிற மனுசி. நானும் ஒரு நாளைக்குக் கொடுக்கிறவளாக இருந்து பார்ப்போம் என்று, அலசிப் பொரிக்க முதலே ஐந்து துண்டைக் கிண்ணத்தில் வைத்து, “அக்கா, இவர் மண்டபத்திலை இருந்து அனுப்பினவர்” என்று பெருமையாக நீட்டினேன்.

நேற்றுக் காலை அதே கிண்ணத்தைப் பூவரசம் இலையால் மூடிக் கொண்டுவந்தா. ஐந்து துண்டும் அப்படியே இருந்தன. “தங்கச்சி, தப்பா நெனைக்காத. இத நாங்க திங்க மாட்டோம். நான் சின்னப் புள்ளையில நுவரெலியாவுல ஹோட்டல்ல பிளேட்டு கழுவினவ. இது பிளேட்ல இருந்து எடுத்தது” என்றா. நான், “இல்லையக்கா, அவர் உப்புப் பாக்கக் கடிச்சவர்” என்று சொல்ல வாயெடுத்தேன். அவா ஒரு துண்டைத் திருப்பிக் காட்டினா. கடித்த ஓரத்தில் சிவப்பாக உதட்டுச் சாயம்.

உப்புப் பார்க்கிற மனிதன் உதட்டுக்குச் சாயம் பூசுவானா?

எனக்கு அந்த இடத்திலேயே குமட்டிக்கொண்டு வந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். ராக்காயி அக்காதான் தண்ணீர் தந்து வாய் கொப்பளிக்க வைத்தா. அவா வீட்டில் அன்றைக்கு ரொட்டியும் பச்சை மிளகாயும்தான். அந்த வீட்டுக்காரி வேண்டாம் என்று திருப்பித் தந்ததை என் பிள்ளைகள் ஏழு ஞாயிறு சாப்பிட்டிருக்கிறார்கள். நானும் சாப்பிட்டிருக்கிறேன், மண்டபத்துக்காரரை வாழ்த்தி வாழ்த்திச் சாப்பிட்டிருக்கிறேன். சுடுதண்ணீரில் அலசு, திரும்பப் பொரி என்றீர்களே, அது பஸ் தூசிக்கா?

தேசிக்காய்க் கதை எதுவும் எழுத வேண்டாம். அது சட்டியில் இருந்ததா, தட்டில் இருந்ததா? அதை மட்டும் எழுதுங்கள்.

கஜேந்தினி


வவுனியா
23.08.2024

அன்புள்ள கஜிக்கு,

தட்டில் இருந்ததுதான்.

சட்டியில் மிஞ்சுவது முதலாளி வீட்டுக்குப் போய்விடும். வேலையாட்களுக்கு ஒரு துண்டும் வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலில் நிற்கிற பரமலிங்கத்தார் ஒவ்வொருவருடைய பையையும் திறந்து பார்ப்பார். தட்டில் வழித்தது என்றால், அதுவும் நாய்க்கு என்று சொன்னால் மட்டும் விடுவார். நானும் அப்படிச் சொல்லித்தான் கொண்டுவந்தேன். ஒவ்வொரு கிழமையும் அந்தச் சொல்லைச் சொல்லும்போது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் கஜி, கொஞ்சம் ஆறுதலாக யோசித்துப் பாரும். கை படாத துண்டுகளைத்தான் பொறுக்கினேன். அவசரத்தில் ஒன்றிரண்டு தவறியிருக்கும். பிள்ளைகள் மிச்சம் விட்டதை நீர் வழித்துச் சாப்பிடுவதில்லையா? கல்யாணத்தன்று என் இலையில் நீர் சாப்பிடவில்லையா? யாருடைய தட்டில் இருந்தோம் என்று கோழிக்குத் தெரியுமா? ஆயிரம் பேர் கையைத் துடைத்துவிட்டுப் போகிற இடத்தில், நல்ல இறைச்சி வாளிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் பிள்ளைகள் சோயாவைப் பிழிந்து தின்கிறார்கள் என்று நினைத்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் கை சும்மா இருக்கும்? மறைத்தது பிழைதான். சொல்லியிருந்தால் நீர் சமைத்திருக்கமாட்டீர்.

கோபத்தைப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
வினோதன்


உடையார்கட்டு
26.08.2024

சாருஜன் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை. நாய்க்கு என்று சொன்னீர்களாம். உங்கள் வாயால் சொன்னீர்களாம். பிறகு உங்கள் பாடு பெரும்பாடு என்று எனக்கே எழுதுகிறீர்கள். அந்த நாய்கள் இரண்டுக்கும் நான் பெயர் வைத்து, குளிக்க வார்த்து, வெள்ளைச் சீருடை போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையின் மிச்சத்தைத் தாய் சாப்பிடுவதையும் இதையும் ஒரே தராசில் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? டிலக்சி துப்பியதைக்கூட நான் சாப்பிடுவேன். அது டிலக்சியுடையது என்று எனக்குத் தெரியும். நான் தெரிந்து சாப்பிடுகிறேன். நீங்கள் எங்களைத் தெரியாமல் சாப்பிட வைத்தீர்கள். சொல்லியிருந்தால் சமைத்திருக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது தெரிந்துதானே சொல்லாமல் விட்டீர்கள். ஊர்பேர் தெரியாத பெண்ணின் உதட்டுச் சாயத்தை நான் மஞ்சள் போட்டுக் கழுவி, பொரித்து, என் பிள்ளைகளின் வாயில் வைத்திருக்கிறேன். பொரித்த சட்டியை மூன்று தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். இன்னும் அதை அடுப்பில் வைக்கக் கை போகவில்லை. என் கையை மணந்து பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நேற்றுப் பொதி வரவில்லை. அந்த மட்டுக்காவது புத்தி வந்ததே. கருவாட்டுத் தலை போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். இரண்டு பேரும் பஸ் வருகிற நேரம்வரை சாப்பிடாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “அப்பாவுக்கு இந்த முறை கடிச்சுப் பாக்க நேரம் வரேல்லையோ?” என்று டிலக்சி கேட்டாள். நான் குசினிக்குள் போய்விட்டேன். அவர்களுக்கு நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை.

இப்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். நீங்கள் அங்கே என்ன சாப்பிடுகிறீர்கள்? நீங்களும் அந்தத் தட்டுகளில் இருந்துதான் சாப்பிட்டீர்கள் என்றால், நாளைக்கே வேலையை விட்டுவிட்டு வாருங்கள். நாலு பேரும் சேர்ந்து சோயாவைச் சாப்பிடுவோம். சத்தியமாக இதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கமாட்டேன். அப்படி இல்லையென்றால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கஜேந்தினி


வவுனியா
30.08.2024

அன்புள்ள கஜிக்கு,

மறைக்காமல் எழுது என்றீர். எழுதுகிறேன்.

விருந்து முடிந்ததும் வேலையாட்களுக்குச் சட்டியில் இருந்து சோறு போடுவார்கள். புதுத் தட்டு, கோழியும் இருக்கும். அங்கேயே இருந்து சாப்பிட்டு முடிக்க வேண்டும், கட்டிக்கொண்டு போக முடியாது. நான் அதைத்தான் சாப்பிடுகிறேன். ஒவ்வொரு பிடிக்கும் உங்கள் மூன்று பேரின் நினைவுதான். அந்த நினைவில்தான் முதன்முதலில் தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

முதல் கிழமை, உங்களுக்கு அனுப்ப முதல் நானும் ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எடுத்தேன். கழுவிப் பொரித்ததுதான். வாயில் வைத்தேன், மென்றேன். விழுங்க முடியவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்துவிட்டேன். பிறகு வாயைக் கழுவிவிட்டு வந்து, மிச்சத்தைப் பெட்டியில் அடுக்கினேன். எனக்குத் தெரியும் என்பதால்தான் இறங்கவில்லை, தெரியாதவர்களுக்கு அது வெறும் கோழிதானே என்று நினைத்தேன். அன்றைக்கு அப்படித்தான் என் மூளை வேலை செய்தது கஜி.

இந்தக் கடிதத்தோடு வருகிற பொதியில் கோழி இல்லை. கடையில் வாங்கிய பருப்பும், நெத்தலியும், பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கற் பெட்டியும். வருகிற ஏழாம் திகதி சனிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் வருகிறேன். நேரில் இருந்து கதைத்தால் எல்லாம் சரியாகும்.

என்றும் உம்முடைய,
வினோதன்


உடையார்கட்டு
02.09.2024

வினோதனுக்கு,

கடிதத்தை எடுத்துக்கொண்டு பொதியைத் திறக்காமலே சஜீவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடையில் வாங்கிய பருப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். இனி நீங்கள் அனுப்புகிற எதையும் மணந்து பார்க்காமல் என்னால் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. அப்படி மணந்து மணந்து ஒரு குடும்பத்துக்குச் சமைக்கவும் முடியாது.

நானும் அதையேதான் சாப்பிட்டேன் என்று நீங்கள் ஒரு பொய் எழுதியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். நம்புவதற்குத்தான் நாலு நாளாகப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையை எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி.

ஏழு ஞாயிறு சாப்பிட்டதை இனி யாரும் வெளியே எடுக்க முடியாது. பசியில் செய்த பிழை என்றால் எனக்கும் விளங்கியிருக்கும், பசி எனக்குத் தெரியாததா? ஆனால் உங்களுக்குப் பசி இல்லை. நீங்கள் புதுத் தட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து பெட்டியை அடுக்கியிருக்கிறீர்கள். உங்கள் தொண்டை இறக்காததை எங்கள் தொண்டை இறக்கும் என்று கணித்திருக்கிறீர்கள். சத்தி எடுத்த அன்றைக்கே வெறுங்கையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருந்தால், அந்தச் சோயாவையே நான் உங்களுக்கு ஆசையோடு சமைத்துப் போட்டிருப்பேன்.

இன்றைக்கு வல்லாரைச் சம்பலும் பருப்பும். சாருஜன் இரண்டாம் தரமும் சோறு கேட்டான். சமாளித்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்துக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்க ஆள் கேட்கிறார்களாம், நாளைக்குப் போய்ப் பேர் கொடுக்கப் போகிறேன்.

சனிக்கிழமை வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு நீங்கள் அப்பா, வந்து பாருங்கள், பின்னேரப் பஸ் வரும்வரை அவர்களோடு இருந்து கதையுங்கள். நான் உலையில் மூன்று பேருக்குத்தான் அரிசி போடுவேன்.

நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கஜேந்தினி